பழைய மின்னோட்ட அலகுகளை ஆம்பியருக்கு மாற்றுவது எப்படி: முதல் தடவை செய்பவர்களுக்கு

பழைய ஆய்வுக் கட்டுரை ஒன்றையோ, 1920களில் வந்த ஆய்வகக் கையேடு ஒன்றையோ படித்து, அதிலுள்ள மின்னோட்ட எண்களை இன்றைய ஆம்பியருக்குக் கொண்டுவர வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இதில் சிக்கித் தவித்தபோது தேவையான விவரங்கள் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. மாற்று எண் ஒரு நூலில், அதை எப்போது பயன்படுத்தக் கூடாது என்பது வேறொரு நூலின் முன்னுரையில், நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு என்பது மூன்றாவது ஓர் இடத்தில் என்று சிதறிக் கிடந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றும் கணக்கு வெறும் ஒரு பெருக்கல்தான். கையில் இருக்கும் எண் எந்த அலகு முறையில் எழுதப்பட்டது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. அதைச் செய்யாமல் நேராக மாற்றுக் கருவியில் எண்ணைத் தட்டினால் விடை 10 மடங்கு பிசகலாம். 3,000 கோடி மடங்கும் பிசகலாம்.

1. ஆவணங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

தேவைப்படுபவை இவை:

- மூல நூலின் அல்லது கட்டுரையின் தலைப்புப் பக்கம். ஆண்டும் நாடும் இரண்டும் வேண்டும்.
- முன்னுரையும் குறியீட்டுப் பட்டியலும். "இந்நூலில் காஸியன் அலகுகள் பயன்படுத்தப்படுகின்றன" என்ற ஒரு வரி பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும்.
- மின்னோட்டம் வரும் சமன்பாடு உள்ள பக்கம். இது இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.
- நம்பத்தக்க ஒரு மாற்று அட்டவணை. அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமான என்ஐஎஸ்டி வெளியிட்டுள்ள 'சிறப்பு வெளியீடு 811' போதும். அதன் பின்னிணைப்பில் அப்ஆம்பியர், ஸ்டாட்ஆம்பியர் (பழைய மின்னோட்ட அலகுகள்), கில்பர்ட், ஓர்ஸ்டெட் (பழைய காந்த அலகுகள்) எல்லாவற்றுக்கும் எண்கள் உண்டு.

செலவு என்று பார்த்தால், அந்த 811 பிடிஎஃப்பாக இலவசம். சர்வதேச எடை அளவுப் பணியகத்தின் எஸ்ஐ (இன்றைய பன்னாட்டு அலகு முறை) கையேடும் இலவசம்தான். ஆனால் அப்ஆம்பியருக்கும் ஸ்டாட்ஆம்பியருக்கும் மாற்று எண் தேடி அங்கே போகாதீர்கள். அது இன்றைய வரையறைகளுக்கான நூல். காப்புரிமை முடிந்த பழைய நூல்கள் இணைய ஆவணகங்களில் ஸ்கேனாகக் கிடைக்கின்றன. பணம் கேட்கக்கூடியவை பழைய ஆய்விதழ்கள் மட்டும். ஒற்றைக் கட்டுரைக்குக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் கல்லூரி நூலகரிடம் கேளுங்கள், பல நூலகங்களுக்குச் சந்தா இருக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, முறையை அடையாளம் காண அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். முன்னுரை இல்லாத, ஸ்கேனில் பாதி பக்கம் விட்டுப்போன நூல் என்றால் ஒரு மாலைப்பொழுதே போய்விடும். அதற்குப் பிறகான கணக்குக்கு ஐந்து நிமிடம் தாராளம்.

2. ஆண்டைப் பாருங்கள்

வரலாறு இங்கே வேண்டாம். கணக்கை மாற்றும் நான்கு எல்லைக்கோடுகள் மட்டும் போதும்.

1881க்கு முன்: அந்த ஆண்டின் பாரிஸ் மாநாட்டில்தான் ஆம்பியர் என்ற பெயர் ஏற்கப்பட்டது. அதற்கு முந்தைய எழுத்துகளில் மின்னோட்டத்தை 'வெபர்' என்று எழுதியிருப்பார்கள். இன்று வெபர் காந்தப் பாயத்தின் அலகு; குழப்பிக்கொள்ளாதீர்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரிட்டிஷ் வழக்கில் வெபர் என்றால் ஏறக்குறைய இன்றைய ஆம்பியர். ஜெர்மன் வழக்கில் மில்லிமீட்டர், மில்லிகிராம், வினாடி அடிப்படையில் வந்த அலகு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 ஆம்பியர்.

1893 முதல் 1947 முடிய: துல்லியமான அளவீடுகளில் 'பன்னாட்டு (இன்டர்நேஷனல்) ஆம்பியர்' இருக்க வாய்ப்பு அதிகம். இதற்குத் தனியாக ஒரு படி கீழே வருகிறது.

1948 ஜனவரி 1 முதல்: தனியளவு (ஆப்சொல்யூட்) ஆம்பியர். நடைமுறைக்கு இன்றைய ஆம்பியரேதான்.

2019 மே 20 முதல்: எலக்ட்ரானின் மின்னூட்டத்தை 1.602176634 × 10⁻¹⁹ கூலும் என்று நிலைநிறுத்தி ஆம்பியரை வரையறுக்கிறார்கள். பழைய எண்களை மாற்றும் நமக்கு இதனால் எந்த வேறுபாடும் இல்லை. பத்தாவது இலக்கத்துக்கு அருகே வரும் சங்கதி அது.

3. சமன்பாட்டைப் பாருங்கள், அலகின் பெயரை மட்டும் நம்பாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

பழைய ஆசிரியர்கள் அலகின் பெயரை முழுதாக எழுத மாட்டார்கள். "சி.ஜி.எஸ். அலகு" (சென்டிமீட்டர், கிராம், வினாடி அடிப்படையிலானது) என்றோ "இ.எஸ்.யு." (நிலைமின் அலகு, ஸ்டாட் அலகுகள் இதைச் சேர்ந்தவை) என்றோ போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சில நேரம் அதுவும் இருக்காது. ஆனால் சமன்பாடு பொய் சொல்லாது. நீளமான நேர்க்கம்பி ஒன்றைச் சுற்றியுள்ள காந்தப்புலத்துக்கு அந்த நூலில் என்ன சமன்பாடு இருக்கிறது என்று தேடுங்கள்.

- புலம் = 2 × மின்னோட்டம் ÷ தூரம். ஒளிவேகமும் இல்லை, பை (π) என்ற எண்ணும் இல்லை. இது மின்காந்த முறை, அதாவது இ.எம்.யு. மின்னோட்டம் அப்ஆம்பியரில் இருக்கிறது. பயோ என்ற அலகும் இதுவேதான்.
- புலம் = 2 × மின்னோட்டம் ÷ (ஒளிவேகம் × தூரம்). இது காஸியன் முறை. மின்னோட்டம் ஸ்டாட்ஆம்பியரில் இருக்கிறது.
- புலம் = மின்னோட்டம் ÷ (2 × பை × ஒளிவேகம் × தூரம்). ஹெவிசைட்-லோரன்ட்ஸ் முறை. துகள் இயற்பியல் நூல்களில் வரும்.
- மியூ-நாட் (μ₀) என்ற காந்த மாறிலி மேலேயும், 2 பை கீழேயும் இருந்தால் எஸ்ஐ. மாற்றவே வேண்டாம்.

நேர்க்கம்பிச் சமன்பாடு இல்லாத நூலில், காந்தப்புலத்தில் இருக்கும் கம்பியின் மீதான விசையைப் பாருங்கள். புலம் × மின்னோட்டம் × நீளம் என்பதை ஒளிவேகத்தால் வகுத்திருந்தால் பெரும்பாலும் ஸ்டாட்ஆம்பியர் (ஹெவிசைட்-லோரன்ட்ஸ் முறையிலும் இப்படித்தான் வரும்). வகுக்காமல் விட்டு, புலம் காஸிலும் விசை டைனிலும் (இரண்டும் சி.ஜி.எஸ். அலகுகள்) இருந்தால் அப்ஆம்பியர்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கோட்பாட்டுக் கட்டுரைகளில் "ஒளிவேகத்தை 1 என்று எடுத்துக்கொள்கிறோம்" என்று எங்காவது ஒரு வரி இருக்கும். அப்படியானால் ஒளிவேகம் சமன்பாட்டில் கண்ணுக்குத் தெரியாது. காஸியன் கட்டுரைகூட இ.எம்.யு. போலத் தோன்றும். அந்த வரியைத் தேடிவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இன்னொன்று, கலப்பு வழக்கம். மின்னூட்டத்தை இ.எஸ்.யு.விலும் மின்னோட்டத்தை இ.எம்.யு.விலும் ஒரே கட்டுரையில் எழுதுவது அந்தக் காலத்தில் சாதாரணம். எலக்ட்ரானின் மின்னூட்டம் 4.8 × 10⁻¹⁰ என்று முதல் பக்கத்தில் பார்த்ததும், மின்னோட்டமும் ஸ்டாட் அலகில்தான் இருக்கும் என்று தீர்மானித்துவிடாதீர்கள்.

இதற்குப் பிறகும் சந்தேகமா? எண்ணின் அளவைப் பாருங்கள். ஆய்வக மேசைமேல் வைத்த கம்பிச்சுருளில் மின்னோட்டம் 0.2 என்று போட்டிருக்கிறது. அது ஸ்டாட்ஆம்பியர் என்றால் 6.7 × 10⁻¹¹ ஆம்பியர். அந்தச் சுருள் ஒரு காந்த ஊசியைக்கூட அசைக்காது. அப்ஆம்பியர் என்றால் 2 ஆம்பியர்; நடக்கக்கூடிய காரியம். இரண்டு அலகுகளுக்கும் இடையிலான வித்தியாசம் 3 × 10¹⁰ மடங்கு என்பதால் இந்தச் சோதனை பெரும்பாலும் கைவிடாது.

4. பெருக்க வேண்டிய எண்கள்

1 அப்ஆம்பியர் (பயோ) = 10 ஆம்பியர்
1 ஸ்டாட்ஆம்பியர் = 3.33564 × 10⁻¹⁰ ஆம்பியர்
1 ஆம்பியர் = 2.99792458 × 10⁹ ஸ்டாட்ஆம்பியர்
1 அப்ஆம்பியர் = 2.99792458 × 10¹⁰ ஸ்டாட்ஆம்பியர்
1 ஹெவிசைட்-லோரன்ட்ஸ் மின்னோட்ட அலகு = 9.4097 × 10⁻¹¹ ஆம்பியர்

மின்னோட்ட அடர்த்தி வந்தால் சதுர சென்டிமீட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். இதை விட்டுவிடுபவர்கள் நிறைய.

1 அப்ஆம்பியர்/சதுர செ.மீ. = 10⁵ ஆம்பியர்/சதுர மீட்டர்
1 ஸ்டாட்ஆம்பியர்/சதுர செ.மீ. = 3.33564 × 10⁻⁶ ஆம்பியர்/சதுர மீட்டர்

உதாரணமாக, பிளாஸ்மா பற்றிய ஒரு காஸியன் கட்டுரையில் அடர்த்தி 3 × 10⁴ இ.எஸ்.யு. என்று இருந்தால், அது சதுர மீட்டருக்கு 0.1 ஆம்பியர்.

காந்தம் சார்ந்த நூல்களில் மின்னோட்டத்தோடு ஒட்டி வரும் இரண்டு அலகுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 1 கில்பர்ட் = 0.79577 ஆம்பியர்-சுற்று. 1 ஓர்ஸ்டெட் = மீட்டருக்கு 79.577 ஆம்பியர்.

முக்கியமான ஒன்று: எண்ணை மாற்றினால் சமன்பாட்டையும் மாற்ற வேண்டும். ஆம்பியருக்கு மாற்றிய எண்ணைக் கொண்டுபோய்க் காஸியன் சமன்பாட்டில் போட்டால் விடை குப்பை. என் யோசனை இது: மூல நூலின் அலகிலேயே மூல நூலின் சமன்பாட்டை வைத்துக் கணக்கை முடியுங்கள், கடைசி விடையை மட்டும் மாற்றுங்கள். நடுவில் மாற்றத் தொடங்கினால் எந்த வரி எந்த முறையில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

5. ஒரு கணக்கை முழுதாகச் செய்து பார்க்கலாம்

கல்லூரியில் இயற்பியல் படித்தவர்கள் டேன்ஜென்ட் கால்வனாமீட்டரைத் தொட்டிருப்பார்கள். வட்டச் சட்டம், அதன் நடுவே காந்த ஊசி, கீழே பாகை குறித்த தட்டு. பழைய கையேடுகளில் அதன் சமன்பாடு இப்படி இருக்கும்:

மின்னோட்டம் = 10 × ஆரம் × புவிக்காந்தக் கிடைத்தளப்புலம் × டேன் (விலகு கோணம்) ÷ (2 × பை × சுற்றுகள்)

வேறு சில கையேடுகளில் அந்த 10 இருக்காது. பார்ப்பவர்களுக்கு ஏதோ ஒன்றில் அச்சுப்பிழை என்று தோன்றும். இரண்டும் சரிதான். 10 இல்லாத சமன்பாடு அப்ஆம்பியரில் விடை தருகிறது. 10 இருப்பது ஆம்பியரில் தருகிறது. 1 அப்ஆம்பியர் என்பது 10 ஆம்பியர் என்ற மாற்றமே அங்கே சமன்பாட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

எண்களைப் போடுவோம். ஆரம் 8 செ.மீ., 50 சுற்றுகள், விலகல் 45 பாகை. கிடைத்தளப்புலம் 0.38 காஸ், தென்னிந்திய ஆய்வகங்களில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு இது. டேன் 45 என்பது 1. ஆக, 8 × 0.38 = 3.04. அதை 2 × பை × 50, அதாவது 314.16 ஆல் வகுத்தால் 0.00968 அப்ஆம்பியர். பத்தால் பெருக்கினால் 0.0968 ஆம்பியர், ஏறக்குறைய 97 மில்லிஆம்பியர்.

இதையே எஸ்ஐ-யில் செய்து பாருங்கள். ஆரம் 0.08 மீட்டர், புலம் 0.38 × 10⁻⁴ டெஸ்லா. 2 × ஆரம் × புலம் ÷ (மியூ-நாட் × சுற்றுகள்). மேலே 6.08 × 10⁻⁶, கீழே 6.283 × 10⁻⁵. விடை அதே 0.0968 ஆம்பியர். முதல் தடவை செய்பவர்கள் இந்த இரண்டு வழியையும் தாளில் எழுதிப் பார்த்துவிடுங்கள். அப்புறம் எந்தப் பழைய கையேடும் பயமுறுத்தாது.

6. பன்னாட்டு ஆம்பியர்: எப்போது கவலைப்பட வேண்டும்?

வெள்ளி நைட்ரேட் கரைசலிலிருந்து வினாடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படியவைக்கும் மின்னோட்டம் என்று இதை வரையறுத்திருந்தார்கள். இன்றைய ஆம்பியரிலிருந்து மிகச் சிறிய வேறுபாடுதான்:

1 பன்னாட்டு ஆம்பியர் (நாடுகளின் சராசரி) = 0.99985 ஆம்பியர்
1 பன்னாட்டு ஆம்பியர் (அமெரிக்கா) = 0.999835 ஆம்பியர்

வேறுபாடு பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்கு. மூன்று இலக்கத் துல்லியத்தில் எழுதிய எண்ணுக்கு இது தேவையே இல்லை. பழைய முள் மீட்டரில் படித்த அளவீடு என்றாலும் விட்டுவிடலாம்; அந்த மீட்டரின் பிழையே இதைவிடப் பல மடங்கு இருக்கும். ஐந்து இலக்கத்துக்கு மேல் எழுதிய எண்கள், தரமின்தடைகள், வெஸ்டன் மின்கலம் (மின்னழுத்தத்துக்கான தர மின்கலம்), வெள்ளிக் கூலும்மானி என்று வரும்போதுதான் இது வேண்டும். 1930களின் அமெரிக்கக் கட்டுரையில் 2.00000 பன்னாட்டு ஆம்பியர் என்றிருந்தால், 1.99967 ஆம்பியர்.

அதே கட்டுரையில் வோல்ட்டும் ஓமும் இருந்தால் அவற்றுக்குத் தனித்தனி எண்கள். அமெரிக்க மதிப்பில் 1 பன்னாட்டு வோல்ட் = 1.00033 வோல்ட், 1 பன்னாட்டு ஓம் = 1.000495 ஓம். ஆம்பியரின் எண்ணை எல்லாவற்றுக்கும் போட்டுவிடாதீர்கள்.

இரண்டு தடவை திருத்துவதும் நடக்கிறது. 1948க்குப் பின் வந்த கையேடுகள் பழைய அளவீடுகளை மறுபடி அச்சிடும்போது ஏற்கனவே திருத்தித்தான் போட்டிருக்கலாம். அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்காமல் பெருக்க வேண்டாம்.

7. விழுந்துவிடக்கூடிய குழிகள்

இ.எம்.யு. என்ற எழுத்துகள். இன்றைய காந்தப்பொருள் ஆய்வில் இதுதான் மிக மோசமான பொறி. விஎஸ்எம் (மாதிரியை அதிரவைத்துக் காந்தத்தன்மையை அளக்கும்) கருவி தரும் வரைபடத்தில் இ.எம்.யு. என்று இருந்தால் அது மின்னோட்டமே அல்ல, காந்தத் திருப்புத்திறன். அங்கே 1 இ.எம்.யு. என்பது 10⁻³ ஆம்பியர்-சதுர மீட்டர். ஆராய்ச்சி மாணவர்கள் அதைப் பத்தால் பெருக்கிவிட்டு முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; ஒரே மூன்றெழுத்தை இத்தனை விஷயங்களுக்குப் பயன்படுத்தியது பழைய வழக்கத்தின் குற்றம்.

'ஆப்ஸ். ஆம்ப்' என்ற சுருக்கம். 1940களின் கடைசியில் வந்த கட்டுரைகளில் இது தனியளவு ஆம்பியரைக் குறிக்கும். அதாவது இன்றைய ஆம்பியர். அப்ஆம்பியர் என்று நினைத்தால் பத்து மடங்கு போய்விடும். பக்கத்திலேயே 'இன்ட். ஆம்ப்' என்ற சுருக்கமும் தென்பட்டால் சந்தேகமே வேண்டாம், பன்னாட்டு ஆம்பியரிலிருந்து பிரித்துக் காட்டத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

சின்ன ஏ, பெரிய ஏ (aA). அப்ஆம்பியருக்குச் சிலர் இந்தக் குறியீட்டை எழுதுவார்கள். எஸ்ஐ-யில் அதே குறியீடு அட்டோஆம்பியர், 10⁻¹⁸ ஆம்பியர். இணைய மாற்றுக் கருவிகளில் குறியீட்டைத் தட்டாமல் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

வெறும் 3. பல பழைய நூல்கள் ஒளிவேகத்தை வினாடிக்கு 3 × 10¹⁰ செ.மீ. என்று முழுமையாக்கியே எழுதின. சரியான எண்ணிலிருந்து 0.07 சதவீதம் தள்ளி இருக்கிறது. ஆசிரியரே அந்த 3ஐப் பயன்படுத்தி ஆம்பியரிலிருந்து ஸ்டாட்ஆம்பியருக்குப் போயிருந்தால், நீங்களும் அதே 3ஐ வைத்துத்தான் திரும்பி வர வேண்டும். இல்லாவிட்டால் அவர் உண்மையில் அளந்த எண் உங்களுக்குக் கிடைக்காது.

8. சரிபார்க்க ஒரே ஒரு எண்

10 ஆம்பியர் ஓடும் நீண்ட கம்பியிலிருந்து 1 செ.மீ. தள்ளிக் காந்தப்புலம் 2 காஸ். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இ.எம்.யு.வில் மின்னோட்டம் 1; 2 × 1 ÷ 1 = 2. காஸியனில் மின்னோட்டம் 2.998 × 10¹⁰; அதை ஒளிவேகத்தால் வகுத்தால் மறுபடி 1, விடை 2. எஸ்ஐ-யில் 2 × 10⁻⁷ × 10 ÷ 0.01 = 2 × 10⁻⁴ டெஸ்லா, அதுவும் 2 காஸ்தான். நீங்கள் கண்டுபிடித்த முறையும் எடுத்துக்கொண்ட மாற்று எண்ணும் சரி என்றால், மூல நூலின் சமன்பாட்டில் போட்டதும் இந்த 2 வரும். வராவிட்டால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

9. எழுதும்போது

மாற்றிய எண்ணை மட்டும் எழுதி மூல எண்ணை விட்டுவிடாதீர்கள். அடுத்து வருபவருக்கு உங்கள் கணக்கைச் சோதிக்க வழி இருக்காது. மூல எண், மூல அலகு, அது எந்த முறை என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள், பெருக்கிய எண் ஆகிய நான்கும் வேண்டும். இலக்கங்களையும் கூட்டாதீர்கள்; மூலத்தில் இரண்டு இலக்கம் இருந்தால் உங்கள் விடையிலும் இரண்டுதான்.

ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் நான் எழுதும் வாசகம் இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: "மூலத்தில் 0.35 சி.ஜி.எஸ். அலகு. விசைச் சமன்பாட்டில் ஒளிவேகம் இல்லாததால் அப்ஆம்பியர் எனக் கொள்ளப்பட்டது. 10 ஆல் பெருக்கி 3.5 ஆம்பியர்."